போர்டு கையில இருக்கு, எந்த சாஃப்ட்வேர் போடணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில டெஸ்ட் டெக்னீஷியனா இருக்கேன். ஞாயித்துக்கெழம காலைல எங்க தாமான் பாலாய் ராயால (குடியிருப்போட பொது மண்டபம்) பத்துப் பதினஞ்சு பிள்ளைங்களுக்கு மைக்ரோகண்ட்ரோலர் போர்டுல, அதாவது லைட்டு, மோட்டார், சென்சார ஓட்டுற சின்னக் கம்ப்யூட்டர் சிப்பு வச்ச போர்டுல, புரோகிராம் எழுதச் சொல்லித் தர்றேன், பிள்ளைங்களோட அப்பா அம்மாவும் சிலர் கூட உக்காந்து கத்துக்கறாங்க. கிளாஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் வாட்ஸ்அப்ல கேள்வி வரும், பாதிக்கு மேல ஒரே கேள்விதான், எந்த சாஃப்ட்வேர் போடுறது, ஏன் இது வேல செய்யல, அவன் வேற ஒண்ணு சொல்றானேன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி அனுப்பினத எல்லாம் சேத்து இங்க எழுதுறேன்.

அண்ணே, சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதப் போடுறது?

போர்டப் பாத்துச் சொல்றேன். யூனோ, நானோ, மேக்கர் யூனோ இந்த மாதிரி ஆர்டுயினோ வகை போர்டுன்னா ஆர்டுயினோ ஐடிஇ, கோட் எழுதி போர்டுக்கு அனுப்புற சாஃப்ட்வேர் அது. ஈஎஸ்பி32-ன்னா ஆரம்பத்துக்கு அதுவும் ஆர்டுயினோ ஐடிஇ தான். ராஸ்பெர்ரி பை பீக்கோன்னா தானின்னு ஒரு சாஃப்ட்வேர், அதுல மைக்ரோபைத்தான் (சின்ன போர்டுக்கான பைத்தான்) எழுதலாம். மைக்ரோபிட்னா மேக்கோட், அது பிரவுசர்லயே ஓடும், இன்ஸ்டால் பண்ண ஒண்ணும் இல்ல.

இத வச்சு ஒரு மாசம் ரெண்டு மாசம் ஓட்டுங்க. சாஃப்ட்வேர மாத்துறதுக்குன்னு ஒரு காரணம் தானா வரும், ஃபைல் அதிகமாயி தேட முடியாமப் போவும், இல்ல லைப்ரரி (மத்தவங்க எழுதி வச்ச ரெடி கோட்) வெர்ஷன் மாறி நேத்து ஓடினது இன்னிக்கு ஓடாது, அப்ப மாத்துங்க. யூடியூப்ல ஒருத்தர் சொன்னாருன்னு முதல் நாளே விஎஸ் கோட்னு பெரிய எடிட்டர், அதுக்கு மேல எக்ஸ்டென்ஷன், அதுக்கு மேல டூல்செயின்னு இறக்கிட்டு, மூணு நாள் இன்ஸ்டால் பண்றதுலயே சலிச்சுப் போயி, ஒரு லைட்டு கூட எரியறதப் பாக்காம போர்ட அலமாரில போட்டுட்ட பசங்கள நான் பாத்திருக்கேன், எனக்கு அது ரொம்ப மனசு கஷ்டம். முதல் நாள் லைட்டு மினுக்கணும், அதுக்கு எது சீக்கிரம் கொண்டு போவுதோ அதுதான் முதல் சாஃப்ட்வேர்.

இன்னொண்ணும் பாருங்க. பக்கத்துல அண்ணனோ டீச்சரோ கூட்டாளியோ எத ஓட்டுறாங்களோ அதயே எடுக்கறது நல்லது. ராத்திரி 10 மணிக்கு மாட்டிக்கிட்டா கேக்க ஆள் இருக்கணும்ல.

ஒண்ணுல ஆரம்பிச்சா அதுலயே மாட்டிக்குவோமா?

மாட்ட மாட்டீங்க, உள்ள நடக்கறது என்னன்னு தெரிஞ்சா இந்த பயம் போயிரும். நீங்க எழுதுற கோட போர்டுக்குப் புரியாது, அத மெஷின் கோடா மாத்த ஒரு கம்பைலர் வேணும், மாத்தினத கேபிள் வழியா சிப்புக்குள்ள தள்ள ஒரு அப்லோடர் வேணும். யூனோவுக்கு அந்தக் கம்பைலர் ஏவிஆர் ஜிசிசி, தள்ளுறது ஏவிஆர்டியூட். ஈஎஸ்பி32-க்கு தள்ளுறது ஈஎஸ்பிடூல். ஆர்டுயினோ ஐடிஇ எடுத்தாலும், விஎஸ் கோட்டுக்குள்ள ஓடுற பிளாட்ஃபார்ம்ஐஓ எடுத்தாலும் உள்ள இதே ஆளுங்கதான் வேல செய்யறாங்க. மேல இருக்கற கடை முகப்பு தான் வேற, அடுப்படி ஒண்ணுதான். அதனால இங்க எழுதின கோட் அங்க கொஞ்சம் திருத்தத்தோட அப்படியே போவும்.

கோட் எழுதாம கட்டம் கட்டமா இழுத்து வைக்கிற சாஃப்ட்வேர்லயும், மைக்ரோபைத்தான்லயும் மட்டும் கதை வேற, அதுல இருந்து ஆர்டுயினோல எழுதுற சி++ பக்கம் வந்தா திரும்ப எழுதணும். ஆனா யோசிக்கக் கத்துக்கிட்டது எங்கயும் போவாது.

ஆர்டுயினோ ஐடிஇ 1-ஆ 2-ஆ? எங்க வீட்ல பழைய லேப்டாப்தான் இருக்கு.

லேப்டாப் 64 பிட் விண்டோஸ் 10 இல்ல 11, ராம் 8 ஜிபின்னா யோசிக்காம 2 போடுங்க. 2022 செப்டம்பர்ல தான் அது முழுசா ரிலீஸ் ஆச்சு, டைப் பண்ணும்போதே மீதி வார்த்தையக் காட்டும், தப்பு இருந்தா அடிக்கோடு போடும், புதுசா கத்துக்கறவங்களுக்கு அது பெரிய உதவி.

4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்னா 2 திறக்கறதுக்கே நேரம் எடுக்கும், குரோம் கூடத் திறந்து வச்சிருந்தா மௌஸ் நகராது. அந்த மாதிரி லேப்டாப்புக்கும், விண்டோஸ் 7-க்கும், 32 பிட் மெஷினுக்கும் 1.8.19 போடுங்க, பழைய வரிசைல அதுதான் கடைசி வெர்ஷன். பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா யூனோவுக்கு ஒரு குறையும் இல்ல. எங்க கிளாஸ்ல நாலு லேப்டாப் 1.8.19 தான் ஓடுது, அதுல எழுதின பிள்ளைங்க ஒருத்தரும் பின்தங்கல. அண்ணன் யூனிவர்சிட்டி முடிச்சு விட்டுட்டுப் போன லேப்டாப் இருந்தா அதுவே போதும், இதுக்காக புதுசு வாங்காதீங்க.

டவுன்லோட் பண்ணும்போது காசு தர்றீங்களான்னு ஒரு பக்கம் வரும், அதப் பாத்து ரெண்டு பேரு பயந்து மூடிட்டாங்க. விருப்பம் இருந்தா தரலாம், இல்லன்னா கீழ ஜஸ்ட் டவுன்லோட்னு இருக்கும், அத அமுக்குங்க. ஸ்டூடியோ கடைல சிடில போட்டு விக்கிறாங்க, டெலிகிராம்ல யாரோ தர்றாங்கன்னு அங்க எல்லாம் எடுக்க வேண்டாம், ஆர்டுயினோவோட சொந்த சைட்ல மட்டும் எடுங்க.

இன்னொரு சின்ன விஷயம், விண்டோஸ் பல லேப்டாப்ல டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர ஒன்டிரைவோட சேத்து வச்சிருக்கும். ஸ்கெட்ச்சும் (ஆர்டுயினோல எழுதுற புரோகிராமுக்கு அதான் பேரு) லைப்ரரியும் அதுக்குள்ள போயி உக்காந்தா சில நேரம் கம்பைல் ஆவாது, காரணமே புரியாது. ஐடிஇயோட செட்டிங்ஸ்ல ஸ்கெட்ச்புக் இடத்த சி டிரைவ்ல தனி ஃபோல்டருக்கு மாத்திருங்க, ஃபோல்டர் பேருல இடைவெளி விடாதீங்க.

போட்டாச்சு, ஆனா காம் போர்ட் காட்டவே மாட்டேங்குது.

காம் போர்ட்னா கம்ப்யூட்டர் உங்க போர்டோட பேசுற வழி, COM3 மாதிரி பேரு வரும். அது வரலன்னா முதல்ல கேபிள மாத்துங்க. நெசமாத்தான் சொல்றேன், எங்க கிளாஸ்ல இந்தக் கேள்விக்கு பத்துல ஏழு தடவ கேபிள்தான் காரணம். பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) விக்கிற கேபிள்ல, ஃபேன், டார்ச் லைட்டோட வர்ற கேபிள்ல நிறைய வெறும் சார்ஜ் மட்டும்தான், உள்ள டேட்டா ஒயரே இருக்காது. போர்டுல பவர் லைட்டு எரியும், அதனால கேபிள் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்குவோம். நானும் ஒரு தடவ முழு சாயங்காலம் டிரைவர அழிச்சு அழிச்சு திரும்பப் போட்டேன், கடைசில என் ஃபோனோட கேபிளுக்கு மாத்தினதும் ஓடுச்சு. இப்ப கிளாஸ்ல நல்ல கேபிளுக்கு எல்லாம் சிவப்பு டேப் சுத்தி வச்சிருக்கோம்.

கேபிள் சரின்னா டிரைவர். குளோன் போர்டுல (ஆர்டுயினோ டிசைனப் பாத்து வேற கம்பெனி செஞ்சது) யூஎஸ்பி சிப்பு பெரும்பாலும் சிஎச்340, ஈஎஸ்பி32 போர்டுல சிபி2102 இல்லன்னா சிஎச்340. விண்டோஸ் 10, 11-ல நெட் இருந்தா பல நேரம் தானா போட்டுக்கும், இல்லன்னா அந்த சிப்போட டிரைவர இறக்கிப் போடுங்க. டிவைஸ் மேனேஜரத் திறந்து வச்சுக்கிட்டு போர்ட சொருவி எடுத்து சொருவிப் பாருங்க, எந்த வரி வந்து வந்து போவுதோ அதுதான் உங்க போர்டு.

உபுண்டு 22.04 வச்சிருக்கற பசங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும், அதுல பிஆர்எல்டிடிஒய்னு ஒரு சர்வீஸ் இருக்கு, பார்வை இல்லாதவங்க பயன்படுத்துற பிரெய்ல் கருவிக்கானது, அது சிஎச்340-ய தன்னோட கருவின்னு நெனச்சு பிடிச்சுக்கும். வீட்ல யாரும் பிரெய்ல் கருவி பயன்படுத்தலன்னா அத எடுத்துரலாம். லினக்ஸ்ல உங்க யூசர டயல்அவுட் குரூப்லயும் சேக்கணும், சேத்துட்டு லாக்அவுட் பண்ணி வாங்க.

காம் போர்ட் இருக்கு, அப்லோட் தான் ஆவல. சிவப்பா எரர் வருது.

நானோ போர்டுன்னா டூல்ஸ் மெனுல புராசசர்னு இருக்கும், அதுல ஓல்ட் பூட்லோடர்னு இருக்கறதுக்கு மாத்திப் பாருங்க. பூட்லோடர்னா புது கோட வாங்கி எழுதறதுக்கு சிப்புக்குள்ளயே இருக்கற குட்டி புரோகிராம். பழைய பூட்லோடர் 57600 வேகத்துல பேசும், புதுசு 115200, வேகம் ஒத்து வரலன்னா நாட் இன் சிங்க்னு தான் எரர் வரும். குளோன் நானோவுல நிறைய பழசுதான்.

யூனோல 0, 1 பின்னுல எதாவது மாட்டியிருக்கீங்களா? புளூடூத் மாட்யூல் மாட்டினவங்க இதுல கட்டாயம் விழுவாங்க, யூஎஸ்பியும் அந்த ரெண்டு பின் வழியாத்தான் பேசுது. கழட்டிட்டு அப்லோட் பண்ணுங்க, அப்புறம் மாட்டுங்க.

ஈஎஸ்பி32-ல கனெக்டிங்னு புள்ளி புள்ளியா ஓடிட்டு நின்னு போனா, புள்ளி ஓடும்போது போர்டுல பூட் பட்டன அமுக்கிப் பிடிங்க, எழுத ஆரம்பிச்சதும் விட்ருங்க. ஈஎஸ்பி32-லயே எஸ்3, சி3 ரக போர்டுல அப்லோட் ஆயி சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்புற எழுத்தக் காட்டுற ஜன்னல்) ஒண்ணும் வரலன்னா டூல்ஸ்ல யூஎஸ்பி சிடிசி ஆன் பூட்-ட எனேபிள் பண்ணுங்க.

ரெண்டு சாஃப்ட்வேர் வச்சிருக்கறவங்களுக்கு வர்ற தொல்லை வேற. ஒரு காம் போர்ட்ட ஒரே நேரத்துல ஒருத்தர்தான் பிடிக்க முடியும். தானி திறந்திருக்கும்போது ஆர்டுயினோ ஐடிஇ அப்லோட் பண்ணப் போனா ஆக்சஸ் டினைட்னு சொல்லும். அத மூடிட்டு இத ஓட்டுங்க.

ஈஎஸ்பி32-க்கு ஈஎஸ்பி-ஐடிஎஃப் தான் ஒரிஜினல், ஆர்டுயினோ சின்னப் பிள்ளைங்களுக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. நெசமா?

ஐடிஎஃப் சிப்பு செய்யற எஸ்பிரெசிஃப் கம்பெனியே தர்ற டூல், அது உண்மைதான். ஆனா ஈஎஸ்பி32-க்கான ஆர்டுயினோ கோரும் (அந்த போர்ட ஆர்டுயினோல ஓட வைக்கிற பேக்கேஜ்) அதே கம்பெனி தான் பாத்துக்கறாங்க, அது ஐடிஎஃப் மேலயே உக்காந்திருக்கு. வைஃபை போடுறது, சென்சார் படிக்கிறது, ஃபோனுக்கு மெசேஜ் அனுப்புறது, இதுக்கெல்லாம் ஆர்டுயினோ போதும். பேட்டரில மாசக்கணக்கா ஓடணும், ஃப்ரீஆர்டிஓஎஸ்ல (பல வேலைய மாத்தி மாத்தி ஓட்டுற குட்டி ஓஎஸ்) டாஸ்க்க நுணுக்கமா பிரிக்கணும், மெமரிய நீங்களே கட்டம் பிரிக்கணும், இல்லன்னா இந்த ஃபீல்டுல வேலைக்குப் போவணும்னு இருந்தா ஐடிஎஃப் கத்துக்கங்க, நேரம் வீணாவாது. சின்னப் பிள்ளைங்களுக்குன்னு சொல்லி ஒருத்தர மட்டம் தட்டுறது எனக்குப் பிடிக்கல, எங்க ஃபேக்டரில கூட அவசரத்துக்கு ஒரு ஜிக் (டெஸ்ட் பண்ண உதவுற கருவி) செய்யணும்னா ஆர்டுயினோல தான் செய்யறோம்.

முதல் தடவ ஈஎஸ்பி32 போர்ட போர்ட்ஸ் மேனேஜர்ல இறக்கும்போது சில நூறு எம்பி போவும், ஃபோன் ஹாட்ஸ்பாட்ல பண்ணாதீங்க. முதல் கம்பைலும் ரொம்ப நேரம் எடுக்கும், பயப்படாதீங்க, ரெண்டாவது தடவ வேகமா ஆயிரும்.

நேத்து வரைக்கும் ஓடின கோட் அப்டேட் பண்ணதும் எரர் வருது, நான் ஒரு எழுத்து கூட மாத்தலயே?

இதப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இது ஒரு பிள்ளைய அழ வச்சிருக்கு. 2024-ல எங்க கிளாஸ் பிள்ளை ஒண்ணு, ஃபார்ம் 4, பள்ளிக்கூடப் போட்டிக்கு ஈஎஸ்பி32 வச்சு செடிக்கு தண்ணி விடுற மெஷின் செஞ்சுச்சு, பம்ப்போட வேகத்த ஏத்தி இறக்குற மாதிரி. ரெண்டு மாசம் உழைப்பு. போட்டிக்கு முந்தின ராத்திரி ஐடிஇ ஓரத்துல புது அப்டேட் இருக்கு போடவான்னு கேட்டுச்சு, பிள்ளை சரின்னு அமுக்கிருச்சு. அவ்ளோதான், எல்இடிசிசெட்டப்னு ஒரு ஃபங்ஷனே இல்லன்னு எரர். 11 மணிக்கு ஃபோன் வருது, பேச்சே வரல அந்தப் பிள்ளைக்கு.

நடந்தது என்னன்னா ஈஎஸ்பி32 ஆர்டுயினோ கோர் 2-ல இருந்து 3-க்கு மாறினப்ப எல்இடிசிசெட்டப், எல்இடிசிஅட்டாச்பின் ரெண்டையும் எடுத்துட்டு எல்இடிசிஅட்டாச்னு ஒண்ணே ஒண்ணு வச்சுட்டாங்க. கோட்ட மாத்தலாம், ஆனா அந்த ராத்திரில மாத்தக் கூடாது. போர்ட்ஸ் மேனேஜர்ல ஈஎஸ்பி32-க்குப் பக்கத்துல வெர்ஷன் லிஸ்ட் இருக்கும், அதுல 2.0.17 எடுத்து இன்ஸ்டால்னு அமுக்கச் சொன்னேன், இறங்கி முடிய அரை மணி நேரம், லைன்ல ரெண்டு பேரும் காத்திருந்தோம், ஓடிருச்சு. இத முன்னாடியே நான் சொல்லிக் குடுத்திருக்கணும், அதுக்கப்புறம் ரெண்டாவது கிளாஸ்லயே சொல்லிருவேன்: ஓடுற நாள்ல போர்டு வெர்ஷன், லைப்ரரி வெர்ஷன் எல்லாத்தையும் கோட்டோட தலைல கமெண்ட்டா எழுதி வைங்க, வேல முடியற வரைக்கும் அப்டேட்ட தொடாதீங்க.

அப்ப பிளாட்ஃபார்ம்ஐஓவுக்கு எப்ப மாறுறது?

மேல சொன்ன கதை உங்களுக்கு நடந்தா, அப்பதான். பிளாட்ஃபார்ம்ஐஓ விஎஸ் கோட்டுக்குள்ள எக்ஸ்டென்ஷனா வரும். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் பிளாட்ஃபார்ம்ஐஓ டாட் ஐஎன்ஐன்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல என்ன போர்டு, என்ன லைப்ரரி, எந்த வெர்ஷன்னு எழுதி வச்சுட்டா அந்த புராஜெக்ட் அந்த வெர்ஷன்லயே இருக்கும், பக்கத்து புராஜெக்ட் வேற வெர்ஷன்ல இருந்தாலும் இடிக்காது. ஃபோல்டர அப்படியே கூட்டாளிக்குக் குடுத்தா அவனோட லேப்டாப்ல தேவையானத அதுவே இறக்கிக்கும். ரெண்டு மூணு பேரு சேந்து செய்யற ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இது பெரிய நிம்மதி. கிட் (git, கோட்டுல எப்ப என்ன மாத்தினோம்னு கணக்கு வச்சுக்கற டூல்) சேத்து வச்சுக்கிட்டா இன்னும் நல்லது.

மாறும்போது ரெண்டு இடத்துல தடுக்கும். மெயின் ஃபைல் சிபிபியா (சி++ ஃபைல்) இருக்கும், முதல் வரில ஆர்டுயினோ டாட் ஹெச்ச நீங்களே இன்க்ளூட் பண்ணணும். அப்புறம் ஃபங்ஷன கீழ எழுதி மேல கூப்பிட்டா ஒத்துக்காது, முன்னாடியே பேரு சொல்லி வைக்கணும், ஆர்டுயினோ ஐடிஇ அத உங்களுக்குத் தெரியாமலே செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்துச்சு. இன்னொண்ணு, ஈஎஸ்பி32-க்கு கோர் 3 வேணும்னா பிளாட்ஃபார்ம்ஐஓவோட சொந்த பேக்கேஜ்ல வரல, பிஐஓஆர்டுயினோன்னு (pioarduino) ஆளுங்க தனியா எடுத்து நடத்துற ஃபோர்க், அதாவது பிரிச்சு எடுத்த பிரதி இருக்கு, அதப் போடணும். கோர் 2 போதும்னா ஒண்ணும் செய்ய வேணாம்.

ஒரே ஃபைல், ரெண்டு சென்சார், ஒரு எல்சிடி, இவ்ளோதான் உங்க புராஜெக்ட்னா மாற வேண்டாம். பாக்க பெரிய ஆளு மாதிரி இருக்குங்கிறது காரணம் இல்ல.

என் மகளுக்கு பைத்தான் தெரியும். சி++ கத்துக்கணுமா?

வேண்டாங்க அக்கா, பைத்தான்லயே ஆரம்பிக்கட்டும். பீக்கோ போர்டு வாங்குங்க, 2021 ஜனவரில 4 அமெரிக்க டாலர்னு வந்தது, 264 கேபி ராம், பிள்ளைங்களுக்கு தாராளம். பூட்செல் பட்டன அமுக்கிக்கிட்டே கேபிள சொருவினா பென்டிரைவ் மாதிரி வரும். தானில கீழ வலது ஓரத்துல இன்டர்பிரிட்டர் மெனு இருக்கும், அதுலயே மைக்ரோபைத்தான் இன்ஸ்டால் பண்ணிக்கலாம். தானி எஸ்தோனியால டார்ட்டு யூனிவர்சிட்டில புதுசா கத்துக்கறவங்களுக்காகவே செஞ்சது, தேவையில்லாத பட்டன் ஒண்ணும் கிடையாது. ஒரு வரி டைப் பண்ணி என்டர் அமுக்கினா அந்த நொடியே போர்டுல நடக்கும், கம்பைல் பண்ணிக் காத்திருக்க வேண்டியதில்ல, பிள்ளைங்க முகத்துல அந்த நேரம் வர்ற சந்தோஷத்த நீங்க பாக்கணும். போர்டு தனியா ஓடணும்னா ஃபைலுக்கு மெயின் டாட் பிஒய்னு பேரு வச்சு போர்டுக்குள்ள சேவ் பண்ணணும், இத மறந்துட்டு லேப்டாப்ப கழட்டினா நிக்குதேன்னு கேக்காத பிள்ளை இல்ல.

சர்க்யூட்பைத்தான்னும் ஒண்ணு இருக்கு, அடாஃப்ரூட் கம்பெனி மைக்ரோபைத்தான்ல இருந்து பிரிச்சு எடுத்தது. போர்டு பென்டிரைவா தெரியும், அதுல கோட் டாட் பிஒய் ஃபைல மாத்தி சேவ் பண்ணா உடனே ஓடும். அடாஃப்ரூட் சென்சார் நிறைய வச்சிருந்தா அது வசதி.

யூனோல பைத்தான் ஓடாது, அத முன்னாடியே சொல்லிர்றேன். மைக்ரோபைத்தானுக்கு குறைஞ்சது 256 கேபி இடமும் 16 கேபி ராமும் வேணும், யூனோல இருக்கறது 32 கேபி, 2 கேபி.

தமிழ்ப்பள்ளில 4-ஆம் ஆண்டு படிக்கிற பையனுக்கு?

மைக்ரோபிட், மேக்கோட். கட்டத்த இழுத்து வச்சு பாக்கலாம், அதே புரோகிராம் ஜாவாஸ்கிரிப்ட்ல, பைத்தான்ல எப்படி இருக்கும்னு ஒரு பட்டன்ல மாத்திப் பாக்கலாம், திரைலயே ஒரு மைக்ரோபிட் பொம்மை ஓடும். போர்டு வாங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் அதுல விளையாட விடுங்க, பிடிச்சா வாங்குங்க.

இன்னும் கொஞ்சம் பெரிய பிள்ளை, ஃபார்ம் 3 ஆர்பிடில (பள்ளிக்கூட வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடம்) மெக்காட்ரோனிக் வருதுன்னா, நம்ம புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கற சைட்ரான் கம்பெனி செய்யற மேக்கர் யூனோ நல்ல ஆரம்பம். லைட்டு, பஸ்ஸர், பட்டன் எல்லாம் போர்டுலயே இருக்கு, ஒரு ஒயர் கூட குத்தாம முதல் நாலு பாடத்த முடிச்சிரலாம். ஐடிஇல போர்டு பேரு ஆர்டுயினோ யூனோன்னே எடுங்க.

எங்க வீட்ல லேப்டாப்பே இல்ல அண்ணே.

குரோம்புக் இருந்தா மேக்கோட் குரோம்ல நேரா ஓடும், மைக்ரோபிட்டுக்கு கேபிள் வழியாவே அனுப்பும். ஆண்ட்ராய்டு ஃபோன்னா ஆர்டுயினோடிராய்டுனு ஆப் இருக்கு, ஓடிஜி அடாப்டர் ஒண்ணு வேணும், சின்ன வேலைக்கு ஆவும். போர்டும் இல்லன்னா டிங்கர்கேட்ல யூனோவ வச்சு சுத்திப் பாக்கலாம், வோக்வில ஈஎஸ்பி32, பீக்கோ கூட இருக்கு, ரெண்டுமே பிரவுசர்ல. எங்க கிளாஸ்ல ஒரு தம்பி நாலு மாசம் நூலகக் கம்ப்யூட்டர்ல வோக்வி மட்டும் ஓட்டினான், போர்டு கைல வந்த அன்னிக்கு அவன்தான் மத்தவங்களுக்கு சொல்லிக் குடுத்தான்.

போலிடெக்னிக்ல லெக்சரர் பிஐசி, எஸ்டிஎம்32-ன்னு சொல்றாரு.

ரெண்டும் வேற வேற கம்பெனியோட மைக்ரோகண்ட்ரோலர் சிப்பு, அவரு சொல்றதப் போடுங்க. பிஐசிக்கு எம்பிலேப் எக்ஸ், எக்ஸ்சி8 கம்பைலர். எஸ்டிஎம்32-க்கு எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ. ரெண்டும் காசில்லாமக் கெடைக்கும், கொஞ்சம் பெருசு. அதுல ரெஜிஸ்டர் (சிப்புக்குள்ள இருக்கற செட்டிங் இடம்) ஒவ்வொண்ணா செட் பண்ணக் கத்துக்கறீங்க, வேலைக்குப் போற இடத்துல அதுதான் கேப்பாங்க. வீட்ல பொழுதுபோக்குக்கு ஆர்டுயினோ வச்சுக்கலாம், ஒண்ணு இன்னொண்ணுக்கு எதிரி இல்ல.

டீபக்கர் இருக்கற சாஃப்ட்வேர்தான் நல்லதா?

டீபக்கர்னா ஓடுற புரோகிராம நடுவுல நிறுத்தி உள்ள என்ன நடக்குதுன்னு பாக்குற வசதி. யூனோ ஆர்3 வச்சிருந்தா ஐடிஇ 2-ல டீபக் பட்டன் இருந்தாலும் அந்த போர்டுக்கு வேல செய்யாது, சீரியல் பிரிண்ட் தான் வழி. ஈஎஸ்பி32 எஸ்3, சி3-ல டீபக் பண்றதுக்கான ஜேடேக் உள்ளயே இருக்கு, யூஎஸ்பி கேபிளே போதும். பீக்கோவுக்கு இன்னொரு பீக்கோவ டீபக்கரா மாத்திக்கலாம். இது வேணும்னு தோணுற நாள்ல நீங்க பிளாட்ஃபார்ம்ஐஓவுலயோ ஐடிஎஃப்லயோ தான் இருப்பீங்க.

ஆர்டுயினோவ குவால்காம் வாங்குதாமே, இனி காசு கட்டணுமா?

2025 அக்டோபர்ல வாங்கப்போறதா அறிவிச்சாங்க, கூடவே யூனோ க்யூன்னு ஒரு போர்டும் ஆப் லேப்னு ஒரு சாஃப்ட்வேரும் வந்துச்சு. நாம போடுற ஐடிஇயோட சோர்ஸ் கோட் ஏஜிபிஎல் லைசென்ஸ்ல வெளிய இருக்கு, குடுத்தத திரும்ப வாங்க முடியாது. உங்க பழைய யூனோவுக்கு ஆப் லேப் தேவையும் இல்ல.

கோட்டுல தமிழ் எழுதலாமா?

கமெண்ட் தாராளமா தமிழ்ல எழுதுங்க, நான் பிள்ளைங்கள அப்படித்தான் எழுதச் சொல்றேன், என்ன செய்யறோம்னு தாய்மொழில எழுதத் தெரிஞ்சா அது புரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். 1972-ல இருந்து பாயான் லெப்பாஸ்ல சிப்பு ஃபேக்டரி ஓடுது, எங்க அம்மா மாதிரி எத்தனையோ பேரு மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சு ஒயர் ஒட்டினவங்க, அவங்க பேரப்பிள்ளைங்க அந்த சிப்புக்குள்ள போற புரோகிராமுக்குத் தமிழ்ல விளக்கம் எழுதறதப் பாக்க எனக்கு அவ்ளோ ஆசை. ஆர்டுயினோல கமெண்ட்டு போர்டுக்குள்ள போவாது, எவ்ளோ எழுதினாலும் இடம் பிடிக்காது.

வேரியபிள் பேரு மட்டும் ஆங்கில எழுத்துலயே வைங்க, தண்ணின்னு எழுதணும்னா ஆங்கில எழுத்துல தண்ணின்னு அடிங்க. சீரியல் மானிட்டர்ல தமிழ் வரும், ஆனா கணக்கு ஒண்ணு இருக்கு, தமிழ்ல ஒவ்வொரு குறியும் 3 பைட், வணக்கம்னு எழுதினா புள்ளியோட சேத்து 21 பைட். யூனோவோட 2 கேபி ராம்ல நீளமா வாக்கியம் எழுதினா தீந்துரும், எஃப் மேக்ரோ போட்டு, அதாவது F("...")-னு எழுதுங்க, அது கோட் இருக்கற ஃபிளாஷ் மெமரிலயே இருக்கும். 16க்கு 2 எல்சிடில தமிழ் வராது, நாமளா 8 எழுத்து தான் வரஞ்சு வைக்க முடியும். ஓஎல்இடி டிஸ்பிளேன்னா படமா மாத்திப் போடலாம்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு கலர் லைட்டு ஓட விடணும், கோட் எழுத நேரமே இல்ல.

கோட் எழுத வேணாம். ஈஎஸ்பி32 ஒண்ணு வாங்குங்க, டபிள்யூஎல்இடின்னு ரெடியா ஒரு ஃபர்ம்வேர் இருக்கு, குரோம் இல்ல எட்ஜ் பிரவுசர்ல அதோட சைட்டுக்குப் போயி கேபிள சொருவி இன்ஸ்டால் அமுக்கினா முடிஞ்சது, கலரு, ஓட்டம் எல்லாம் ஃபோன்லயே மாத்தலாம். நீங்களே எழுதணும்னா ஃபாஸ்ட்எல்இடி லைப்ரரி, ஒவ்வொரு லைட்டுக்கும் 3 பைட் ராம் போவும், மீட்டருக்கு 60 லைட்டு உள்ள 5 மீட்டர் ரோல் ரெண்டு போட்டா 600 லைட்டு, 1800 பைட், யூனோ திணறிரும், அதுக்கும் ஈஎஸ்பி32 தான். பவர் சப்ளைய லைட்டுக்குத் தனியா குடுங்க, போர்டுல இருந்து எடுக்காதீங்க. பந்தல் வெளில இருக்கும், மழை வரும், பாக்ஸ்ல அடைச்சு வைங்க.

ஏஐ கிட்ட கேட்டு எழுதினா எந்த சாஃப்ட்வேரும் ஒண்ணுதானே?

கேளுங்க, ஆனா உங்க போர்டு பேரு, கோர் வெர்ஷன், லைப்ரரி வெர்ஷன் சேத்துச் சொல்லுங்க. சொல்லலன்னா அது பழைய எல்இடிசிசெட்டப்ப எழுதிக் குடுத்திரும், நீங்க கோர் 3-ல இருப்பீங்க. அது குடுத்தத ஒரு தடவயாவது வரி வரியா படிச்சு, எந்தப் பின்னு எதுக்குன்னு வாயால சொல்லிப் பாத்துட்டு அப்லோட் பண்ணுங்க, ஈஎஸ்பி32 பின்னு 3.3 வோல்ட், 5 வோல்ட் சென்சார நேரா மாட்டச் சொன்னா போர்டு போயிரும்.

எரர் வந்தா உங்களுக்கு எப்படி அனுப்புறது?

ஃபோன்ல ஸ்கிரீன படம் புடிச்சு அனுப்பாதீங்க, எரர காப்பி பண்ணி எழுத்தா அனுப்புங்க, நான் தேடிப் பாக்க முடியும். எல்லாரும் கடைசி வரிய அனுப்புறாங்க, கம்பைல் எரர்னா எனக்கு வேண்டியது முதல் வரி, அங்கதான் தப்பு தொடங்குது, கீழ வர்றதெல்லாம் அதனால வர்றது. போர்டு பேரு, ஐடிஇ வெர்ஷன், கடைசியா என்ன மாத்தினீங்க, இது மூணும் சேத்து அனுப்புங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து 9 மணிக்கு மேல பாத்து பதில் போடுறேன்.